நாகேஷ் குண்டாகத் தெரிந்தால்...

பெட்டாலிங் ஜெயாவில் யாரிடம் வழி கேட்டாலும் எண்தான் பதிலாக வரும். செக்‌ஷன் 14, எஸ்எஸ் 2, ஜாலான் 17/21. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை அழித்து எழுப்பிய துணைநகரம் இது. 2006 ஜூன் 20ஆம் தேதி மாநகர் ஆனது. ஊர் பெரிதானதே தவிர எண்கள் மாறவில்லை. இத்தனை எண்களுக்கு நடுவே ஓர் இடத்துக்கு மட்டும் இன்னும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: பி.ஜே. ஸ்டேட். அங்கே ஒரு ஸ்டேட் திரையரங்கு இருந்தது. பின்னாளில் லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் நடத்திய அந்த இடத்தில் தீபாவளிப் படம் பார்க்க வரிசையில் நின்ற தமிழ்க் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம்.

நான் சொல்ல வந்தது திரையரங்கு பற்றி அல்ல. தியேட்டருக்குப் போக முடியாத நாள்களில், அதாவது ஆண்டில் 350 நாள்களில், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் வீட்டு வரவேற்பறையில் எந்தப் படத்தை எந்தத் தரத்தில் பார்த்தார்கள் என்பதைப் பற்றி. இதற்கு ஒரு வழிகாட்டி கிடைத்தார். செக்‌ஷன் 17-இல் ஒரு மாடி வீட்டில் குடியிருக்கும் அண்ணன் அவர். ஐம்பத்தெட்டு வயது. ஷா ஆலமில் தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை. பெட்டி வரிசையாக வரும்போது அதன் வெள்ளை வெள்ளையாக இருக்கிறதா, நீலம் தூக்கலாக இருக்கிறதா என்று பார்த்துத் திருத்துவதுதான் அவர் பகுதி. அந்தக் கண்ணோடு வீட்டுக்கு வந்து தமிழ்ப் படம் பார்த்தால் என்ன ஆகும்? வாழ்நாள் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

அவர் இப்போது பூச்சோங்கில் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறார். அண்ணிக்கு முழங்கால் வலி, படிக்கட்டு இனி முடியாது. புதிய வீட்டில் மூன்று படுக்கையறை, ஒரு அலமாரி. பழைய வீட்டிலோ சுவர் முழுக்க வீடியோ கேசட், விசிடி, டிவிடி, கொஞ்சம் புளூ-ரே. பிள்ளைகள் இரண்டு பேரும் "வேண்டாம்ப்பா, எல்லாம் ஃபோன்ல இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். எதை வைப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடன் உட்கார்ந்தேன். வானொலியில் பழைய பாடல் நிகழ்ச்சி செய்பவள் என்பதால் எனக்கும் அதில் ஒரு பேராசை இருந்தது.

முதல் நாளே எனக்குப் பாடம் தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த 55 அங்குலப் பெட்டியைக் காட்டிக் கேட்டார்: "தங்கச்சி, உங்க வீட்டு டிவி எந்த மோட்ல இருக்கு?" எனக்குத் தெரியவில்லை. "அப்ப விவிட்லதான் இருக்கும். கடையில லைட்டு பளபளன்னு எரியும்ல, அதுக்கு நடுவுல எடுப்பா தெரியணும்னு வச்ச செட்டிங் அது. வீட்டுக்குக் கொண்டு வந்தா மனுஷன் மூஞ்சி மாம்பழம் மாதிரி இருக்கும்."

அடுத்து அவருக்குக் கோபம் மூட்டும் இன்னொன்று: அசைவை வழுவழுப்பாக்கும் வசதி. சினிமா நொடிக்கு 24 படச் சட்டங்களாக எடுக்கப்படுகிறது. புதிய பெட்டிகள் இரண்டு சட்டங்களுக்கு நடுவே தாமாகவே சில சட்டங்களைக் கற்பனை செய்து செருகுகின்றன. பந்தாட்டத்துக்கு அது நல்லது. சினிமாவுக்கு வைத்தால் மணிரத்னம் படம்கூட மதிய நேரத் தொடர் போல ஆகிவிடும். இயக்குநர்கள் பலரும் சத்தம் போட்ட பிறகுதான் 2019-இல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற ஏற்பாட்டைப் பெட்டி தயாரிப்பாளர்கள் சிலர் ஏற்றார்கள். உங்கள் பெட்டியில் அது இருந்தால் இன்றிரவே போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி' என்று ஒன்று இருக்கும். முதல் பத்து நிமிடம் மங்கலாகத் தெரியும், பிறகு கண் பழகிவிடும். என் அம்மா பதினைந்தாவது நிமிடத்தில் "இப்பதான் புடவை கலர் சரியா இருக்கு" என்றார்.

பி.ஜே.யில் திங்கட்கிழமை என்றால் எஸ்எஸ் 2 இரவுச் சந்தை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அங்கே ஆப்பம், கெரோப்போக், கைத்தொலைபேசி உறை இவற்றுக்கு நடுவே விசிடி மலைபோல் குவிந்திருக்கும். படம் சென்னையில் வெளியான அதே வாரம் இங்கே கிடைத்துவிடும். தியேட்டரில் யாரோ கேமராவை மடியில் வைத்துப் பிடித்த பிரதி. இடையில் ஒருவர் எழுந்து கழிவறைக்குப் போவார், அவர் தலையும் நம் வீட்டுக்கு வரும். ஒளித்தட்டுச் சட்டம் 2000-இல் வந்தது. அசல் தட்டுகளில் ஹாலோகிராம் முத்திரை வந்தது. அமலாக்க அதிகாரிகள் வரும்போது மேசையைத் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடும் காட்சியை இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

அசல் விசிடியே எப்படி இருந்தது என்பதுதான் அண்ணனின் விஷயம். ஒரு விசிடியில் 74 நிமிடம் கொள்ளும். இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு மூன்று தட்டு வேண்டும். படத்தின் அளவு 352 புள்ளிக்கு 288 புள்ளி. இன்றைய கைபேசியில் சிறுபடமாகத் தெரிவதைவிடக் குறைவு. நொடிக்கு ஒன்றேகால் மெகாபிட்கூட வராத தரவில் அத்தனையும் அடங்க வேண்டும். வெளிச்சமான காட்சியில் சமாளித்துக்கொள்ளும். இருட்டில்தான் மாட்டிக்கொள்ளும்.

இதற்கு அண்ணன் எடுத்துப் போட்டது 'நாயகன்'. 1987-இல் வந்த படம். ஒளிப்பதிவுக்காகப் பி.சி. ஸ்ரீராமுக்கு தேசிய விருது கிடைத்தது. அதில் பாதிப் படம் நிழலில் இருக்கிறது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் வேலு நாயக்கரின் நெற்றி தெரியும், கண் குழிக்குள் போயிருக்கும். விசிடியில் அதே காட்சியில் கறுப்புச் சதுரங்கள் ஊர்கின்றன. நிழலே இல்லை, கட்டம் கட்டமாக ஒரு புழுக்கூட்டம். "இதைப் பார்த்துட்டுத்தான் நாம எல்லாரும் 'படம் ரொம்ப இருட்டு'ன்னு சொன்னோம்" என்றார் அண்ணன். அந்த வாக்கியம் என்னை உறுத்தியது. நாங்கள் மூன்று தலைமுறையாகச் சண்டை போட்டுக் கொண்டாடிய படங்களை, உண்மையில் அவற்றை எடுத்தவர்கள் காட்ட நினைத்தபடி பார்த்ததே இல்லை.

வீடியோ கேசட் இதற்கும் முந்தியது. விஎச்எஸ்-இன் கூர்மை கிடைவாக்கில் சுமார் 240 கோடு. நிறத்துக்கு அதில் ஒதுக்கப்பட்டது இன்னும் மோசம், நாற்பது கோடு அளவுதான். அதனால்தான் சிவப்புப் புடவை கட்டிய கதாநாயகி நடந்தால் சிவப்பு அவளுக்குப் பின்னால் அரை அங்குலம் தள்ளி நடந்து வரும். 'தளபதி'யில் (1991) சந்தோஷ் சிவன் சூரியனை ஒரு பாத்திரம் மாதிரியே படம் பிடித்திருப்பார். கேசட்டில் அது ஆரஞ்சு நிறக் கறை. நான் ஐந்து வயதில் பார்த்ததும் அந்தக் கறையைத்தான்.

இனி என் பகுதி. பழைய பாடல் நிகழ்ச்சியில் குறுந்தட்டிலிருந்து ஒரு பாடலை ஒலிபரப்புவேன். நேயர்கள் அழைத்து "இது வேற மாதிரி இருக்கே, கொஞ்சம் மெதுவா இருக்கு" என்பார்கள். ஒருவர் இருவர் அல்ல. எனக்கு இது பல காலம் புதிராக இருந்தது. அண்ணன் ஒரு நிமிடத்தில் அவிழ்த்தார். மலேசியா பால் முறை நாடு, நொடிக்கு 25 சட்டம். சினிமா 24. பால் முறையில் கேசட்டோ விசிடியோ செய்யும்போது படத்தை அப்படியே 25 ஆக ஓட்டிவிடுவார்கள். படம் நான்கு விழுக்காடு வேகமாக ஓடும். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்பே முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு ஏறும். எஸ்.பி.பி.யின் குரல் கொஞ்சம் இளைத்துப்போகும். வீட்டில் அந்தப் பாட்டைப் படத்தோடு கேட்டே பழகிய நேயருக்கு, நான் போடும் சரியான சுருதி தவறாகக் கேட்கிறது. இந்த நாட்டுத் தமிழர்களின் நினைவில் இளையராஜா பாட்டுகளில் பல அரைச்சுரம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, ஏதோ செய்கிறது.

டிவிடி வந்ததும் எல்லாம் சரியாகியிருக்க வேண்டும். அகலத்திரைப் படத்தை டிவிடியில் ஏற்ற இரண்டு வழி. ஒழுங்கான வழியில் படத்தை அழுத்திப் பதிவு செய்து, பெட்டி அதை மறுபடி விரித்துக்கொள்ளும். சோம்பல் வழியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டையைப் படத்தோடு சேர்த்தே பதிவு செய்துவிடுவார்கள். 480 கோட்டுத் தட்டில் சினிமாஸ்கோப் படத்துக்கு முதல் வழியில் 360 கோடு கிடைக்கும், இரண்டாவது வழியில் 270 தான். மீதி எல்லாம் கறுப்பைச் சேமித்து வைக்கச் செலவாகிறது. அண்ணன் அலமாரியில் இருந்த பழைய தமிழ் டிவிடிகளில் நிறைய இரண்டாவது வகை. சிலவற்றின் மூலையில் நிறுவனத்தின் சின்னம் படம் முழுக்க ஒட்டியிருந்தது. சில பால் கேசட்டிலிருந்து என்டிஎஸ்சி தட்டாக மாற்றியவை. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லாருக்கும் இரட்டை உருவம் வருகிறது. எந்த நிறுவனம் என்று எழுத மாட்டேன். காசு கொடுத்து அசல் வாங்கியவருக்கு இது கிடைத்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான்கு பெட்டிகளுடன் ஆம்கார்ப் மால் போனோம். தாமான் ஜெயா எல்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். வார இறுதியில் அங்கே பழம்பொருள் சந்தை நடக்கும். பழைய நாணயம், பீங்கான், கைக்கடிகாரம், இசைத்தட்டு. சீன மாமாக்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாரும் குனிந்து புரட்டிக்கொண்டிருப்பார்கள். பி.ஜே.க்கு வருகிறவர்களை நான் முதலில் கூட்டிப்போகும் இடம் இதுதான். தமிழ்ப் படப் பாடல் இசைத்தட்டுகளுக்கு இங்கே நல்ல கிராக்கி. இருபது வயதுப் பிள்ளைகள்கூட ஆசையாக வாங்குகிறார்கள். டிவிடியை எடுத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக, மரியாதையாக, கீழே வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஐந்து போனது. அதில் மூன்றை வாங்கியவர் உறைப் படத்துக்காக வாங்கினார். அவர் வீட்டில் தட்டு ஓட்டும் கருவியே இல்லையாம்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு எல்ஆர்டியில் ஏறினோம். ஐந்தாவது நிலையம் கேஎல் சென்ட்ரல், இறங்கினால் பிரிக்ஃபீல்ட்ஸ். 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்த நாளில் இந்தத் தெருவில் எத்தனை ஒலிபெருக்கி, எத்தனை பாட்டு! கேசட்டு, தட்டுக் கடைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அலறும். இப்போது பூக்கடையும் மளிகையும் துணிக்கடையும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் நுழைந்த கடையில் தட்டுகள் பின்சுவருக்குப் போயிருந்தன, முன்பக்கம் பூசைச் சாமான்கள். கடைக்காரர் அண்ணனைப் பல ஆண்டாகத் தெரிந்தவர். "அண்ணே, நீங்க எங்கிட்ட வாங்கினதையே எங்கிட்ட விக்க வர்றீங்களே" என்று சிரித்தார். பக்திப் பாடல் தட்டுகள் மட்டும் போகுமாம். வயதானவர்கள் காரில் போடுகிறார்களாம்.

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் கேட்பது காதில் விழுகிறது: எல்லாம்தான் ஓடிடியில் இருக்கிறதே? நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் இங்கே வந்தது. நானும் சந்தா கட்டுகிறேன். புதிய படம் அதில் பார்ப்பதற்கு அருமையாக இருக்கிறது, மறுக்க மாட்டேன். 4கே என்று போட்டால் நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறார்கள். புளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை போகலாம். திரையரங்குக்குப் போகும் டிஜிட்டல் பிரதியில் 250 வரை. சுருக்கும் முறைகள் முன்னேறியிருப்பதால் எண்ணோடு எண்ணை நேராக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் மழையும் புகையும் கூட்டமும் வரும் காட்சிகளில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பழைய படத்தில்தான் தகராறு. சிவாஜி, எம்ஜிஆர் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமே 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்' தான். இணையத்தில் ஏற்றுகிறவர்கள் அந்தச் சதுரத்தை இன்றைய அகலப் பெட்டிக்கு இழுத்துவிடுகிறார்கள், அல்லது மேலேயும் கீழேயும் வெட்டி நிரப்புகிறார்கள். வெட்டினால் தலை போகும், இழுத்தால் உடம்பு பெருக்கும். 'சர்வர் சுந்தரம்' போட்டுப் பாருங்கள். நாகேஷ் குண்டாகத் தெரிந்தால் அந்தப் பிரதியை நிறுத்திவிடலாம். இதைவிட எளிதான தரச் சோதனை எனக்குத் தெரியாது.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1964-இல் வந்த 'கர்ணன்' டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் வெளிவந்து நூறு நாள் தாண்டி ஓடியது. 'கில்லி' 2024 ஏப்ரலில் 4கேயில் வந்தபோது தியேட்டரில் பிள்ளைகள் ஆடியதைப் பார்த்திருப்பீர்கள். இதிலும் அண்ணனுக்கு ஒரு புகார் உண்டு. புதுப்பிக்கிறேன் என்று சிலர் ஃபிலிமின் மணல் போன்ற துகளையெல்லாம் துடைத்துவிடுகிறார்கள், முகம் மெழுகு பொம்மையாகிவிடுகிறது. "துகள் அழுக்கு இல்ல தங்கச்சி, அதுதான் படத்தோட தோலு."

நான்காவது ஞாயிற்றுக்கிழமை அலமாரிக்கு முடிவு கட்ட வேண்டியிருந்தது. இத்தனை நாள் தரம், தரம் என்று பேசியவர் எதை வைத்துக்கொள்வார் என்று நான் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன். புளூ-ரே எல்லாம் இருக்கும், நல்ல டிவிடி முப்பது நாற்பது இருக்கும். கேசட் அத்தனையும் குப்பைக்கு.

நடந்தது தலைகீழ். புளூ-ரேக்களை மருமகனுக்குக் கொடுத்தார். 'நாயகன்', 'தளபதி' எதையும் வைத்துக்கொள்ளவில்லை. "சென்னைப் படத்துக்குச் சென்னை இருக்கு. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு எவனாவது நெகட்டிவைத் தேடி நல்லா பண்ணுவான்." கீழ்த்தட்டிலிருந்து அவர் எடுத்து வைத்தவை இருபத்திரண்டு வீடியோ கேசட். 1980களிலும் 90களிலும் அவரே வீட்டில் பதிவு செய்தவை. ஆர்டிஎம்-இல் வந்த உள்ளூர்த் தமிழ் நாடகங்கள், கலை இரவுகள், தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சிகள். கிள்ளானில் ஒரு கோயில் திருவிழாவை யாரோ பிடித்த இரண்டு மணி நேரம். நான் தேடிய எந்தக் கடையிலும் இவை விலைக்குக் கிடைத்ததில்லை.

ஒன்றை ஓட்டினோம். படம் பார்க்கவே முடியவில்லை. மேலே கோடு ஓடுகிறது, நிறம் வழிகிறது, நடுநடுவே பனி பெய்கிறது. வரவேற்பறையில் உட்கார்ந்து ஒரு குடும்பம் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போவதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கிறது. நம்முடைய தமிழ், நம் தாத்தா பாட்டி பேசிய உச்சரிப்பு. மலாய்ச் சொல் கலந்து, எந்தச் சென்னைப் படத்திலும் கேட்காத ராகத்தில். தோட்டம் விட்டுப் போன குடும்பங்களின் கதையைத் திரையில் சொன்ன 'ஜகாட்' 2016-இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானபோது நாம் எவ்வளவு பெருமைப்பட்டோம்! அந்தப் பேச்சு அன்றைக்கே, அது நடந்துகொண்டிருந்தபோதே, நம் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடியிருக்கிறது. 240 கோட்டில்.

எட்டு கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை. நம் ஊர் ஈரப்பதத்துக்கு அதுதான் நடக்கும். பூஞ்சை பிடித்த நாடாவைத் துடைக்காமல் கருவிக்குள் விட்டால் படிக்கும் முனையும் கெட்டு, அடுத்த கேசட்டுக்கும் தொற்றிவிடும். ஆகவே அவற்றை உறையில் கட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் தனியாக வைத்திருக்கிறோம். மற்ற பதினான்கில் ஐந்தை இதுவரை கணினியில் ஏற்றியாகிவிட்டது. அண்ணன் விதிகள் கடுமையானவை. முதல் பிரதியைச் சுருக்கக் கூடாது, அழகுபடுத்தக் கூடாது, கோடு ஓடினால் ஓடட்டும். சுருக்கிய பிரதியைப் பிறகு குடும்பத்துக்கு அனுப்பலாம். ஒரு வன்தட்டு பூச்சோங்கில், இன்னொன்று என் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டும் இருக்கக் கூடாது.

ஒரு கேசட் இரண்டு மணி நேரம் என்றால் அதை ஏற்றவும் இரண்டு மணி நேரம்தான், விரைவுபடுத்த வழியில்லை. அண்ணனின் விசிஆர் நாடாவைக் கடிக்கத் தொடங்கியிருக்கிறது. உலகத்தில் விசிஆர் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, புதிது கிடைக்காது. உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் ஸ்டோர் அறையில், ஓடுகிற நிலையில் ஒன்று கிடந்தால் பழைய சாமான் லாரிக்குப் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் கையால் பெயர் எழுதிய கேசட் ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள்.